ஏழு மீட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

  இன்னிக்கு ஒரு செல்ஃபியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

2019 ஏப்ரல் மாசம் வைரலான செல்ஃபி அது. உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. ஒரு வனக்காவலர் கேமராவைப் பார்த்து நிக்கிறார். அவருக்குப் பின்னாடி ரெண்டு கொரில்லா, அப்படியே மனுஷங்க மாதிரி நிமிர்ந்து நிக்குது. ஒண்ணு கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஸ்டைலா போஸ் கொடுக்குது. இன்னொண்ணு 'எனக்கும் இடம் விடுங்கப்பா'ங்கிற மாதிரி தலையை நீட்டுது. நானும் அதுக்கு ஹார்ட் போட்டவன்தான். 'சோ க்யூட்'னு நாலு பேருக்கு ஃபார்வர்டு வேற பண்ணேன்.

அது எந்த ஊர், அந்த ரெண்டும் ஏன் மனுஷங்களோட நிக்குதுன்னு அன்னிக்கு நான் யோசிக்கவே இல்ல. இடம், காங்கோ ஜனநாயகக் குடியரசின் விருங்கா தேசியப் பூங்கா. படம் எடுத்தவர் மாத்யூ ஷமாவு. பின்னாடி நிக்கிறவங்க பேரு என்டகாசி, என்டேஸே. (எம்பாப்பேன்னு சொல்றோம்ல, அதே மாதிரி சொல்லிப் பாருங்க, வந்துடும்.) ரெண்டும் மலைக் கொரில்லா. ரெண்டும் அனாதைகள்.

2007-ல என்டகாசிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது, ஆயுதம் வெச்சிருந்தவங்க அதோட அம்மாவைச் சுட்டுக் கொன்னாங்க. வனக்காவலர்கள் போய்ப் பார்த்தப்போ, செத்துக் கிடந்த அம்மாவோட உடம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு குட்டி. அன்னிக்கு ராத்திரி ஆன்ட்ரே பௌமாங்கிற பராமரிப்பாளர் அந்தக் குட்டியைத் தன்னோட வெறும் மார்புல படுக்க வெச்சு, உடம்புச் சூட்டுல காப்பாத்தினார். அதே வருஷம் ஜூலையில இன்னும் மோசம். செங்க்வெக்வேங்கிற பெரிய ஆண் கொரில்லாவும், அதோட குடும்பத்துப் பெண் கொரில்லாக்களும் சுடப்பட்டாங்க. ஊர்க்காரங்க அந்த உடலை மரக்கம்புகள்ல கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்த போட்டோ உலகம் பூரா போச்சு. பிரென்ட் ஸ்டிர்ட்டன் எடுத்தது. பார்த்தா ஏதோ ஊர்த் தலைவரோட இறுதி ஊர்வலம் மாதிரி இருக்கும்.

சரி, ஏன் கொன்னாங்க? கறிக்காகன்னா உடம்பை எடுத்துட்டுப் போயிருப்பாங்க. போட்டுட்டுப் போயிட்டாங்க. குட்டியைத் திருடி விக்கவும் இல்ல. சந்தேகம் முழுக்க ஒரு விஷயத்து மேல விழுந்துச்சு: அடுப்புக்கரி. பக்கத்துல இருக்கிற கோமா நகரத்துல லட்சக்கணக்கான மக்கள் சமைக்கிறது கரியில. அந்தக் கரிக்கு வேண்டிய நல்ல மரம் பூங்காவுக்குள்ளதான் இருக்கு. அந்த வியாபாரத்துல ஆயுதக் குழுக்களுக்குப் பெரிய காசு. வனக்காவலர்கள் அதைத் தடுக்குறாங்க. கொரில்லா இல்லைன்னா காட்டைக் காவல் காக்க யாருக்கும் காரணம் இல்லைங்கிற கணக்குதான் அந்தக் கொலைகளுக்குப் பின்னாடி இருந்துச்சுன்னு விசாரிச்சவங்க சொல்றாங்க. விருங்காவுல இதுவரைக்கும் 200 பேருக்கு மேல வனக்காவலர்கள் பணியிலேயே உயிரை விட்டிருக்காங்க. கோடு போட்டு அடிக்கடி சொல்ல வேண்டிய எண் இது.

இப்ப நான் ஏன் இதைப் பேசுறேன்னு ஒரு காரணம் இருக்கு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி, சில வருஷம் முன்னாடி, அதாவது கொரோனாவுக்கு முன்னாடி, ருவாண்டாவுக்குப் போய் மலைக் கொரில்லாவைப் பார்த்துட்டு வந்தா. ரெண்டு வருஷம் காசு சேர்த்துப் போனா. அவ போட்டோ பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சது நிஜம். போன மாசம் பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னா. மலையேறப் போற அன்னிக்குக் காலையில அவளுக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சாம். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம போயிட்டாளாம். 'ஒண்ணும் ஆகலையே'ன்னா. 'ஆகலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல.

அந்தத் தொண்டைக் கரகரப்புதான் இந்த எபிசோட்.

முதல்ல எண்ணிக்கையைப் பேசிடுவோம். மலைக் கொரில்லா உலகத்துல ரெண்டே ரெண்டு இடத்துலதான் இருக்கு. ஒண்ணு, விருங்கா எரிமலைத் தொடர். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூணு நாடும் முட்டுற மூலை அது. இன்னொண்ணு, கொஞ்சம் வடக்கே உகாண்டாவுல இருக்கிற ப்விண்டி காடு. ரெண்டையும் சேர்த்தாலும் 800 சதுர கிலோமீட்டர் வராது. சென்னை மாநகராட்சி எல்லையே 426 சதுர கிலோமீட்டர். அப்போ ரெண்டு சென்னை கூட இல்ல. அவ்வளவுதான் ஒரு இனத்தோட மொத்த உலகம். சுத்தி நாலு பக்கமும் உருளைக்கிழங்கு, பீன்ஸ், வாழைன்னு கடைசி அடி வரைக்கும் விவசாயம். நீங்க மிருகக்காட்சி சாலையில பார்த்த கொரில்லா இது இல்ல. அது அனேகமா மேற்குத் தாழ்நிலக் கொரில்லாவா இருக்கும். மலைக் கொரில்லா கூண்டுல வாழ்றதில்ல.

1981-ல விருங்காவுல எண்ணிப் பார்த்தப்போ 254. அந்தக் காலத்துல, இந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள இதுங்க கதை முடிஞ்சுடும்னு எழுதினவங்க உண்டு. 2015-16 கணக்கெடுப்புல அதே விருங்காவுல 604. ப்விண்டியில 2018-ல முடிஞ்ச கணக்கெடுப்புல 459. மொத்தம் 1,063. 2018 நவம்பர்ல, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைக் கொரில்லாவை 'மிக மோசமான அபாயம்'கிற பட்டியல்ல இருந்து ஒரு படி கீழ 'அபாயம்'கிற பட்டியலுக்கு மாத்துச்சு. பெருங்குரங்கு இனங்கள்ல எண்ணிக்கை கூடிக்கிட்டே வர்றது இது ஒண்ணுதான்.

எப்படி எண்ணாங்கன்னு கேட்டா சிரிப்பீங்க. கொரில்லா தினமும் சாயங்காலம் இலை, கிளையெல்லாம் மடிச்சுப் புதுசா ஒரு படுக்கை போட்டுத்தான் தூங்கும். குட்டி மட்டும் அம்மாவோட. காலையில எழுந்ததும் படுக்கையிலேயே கழிச்சுட்டுப் போயிடும். கணக்கெடுக்கிறவங்க காடு முழுக்க நடந்து, படுக்கையை எண்ணி, அந்தச் சாணியைச் சின்னக் குப்பியில எடுத்துட்டு வந்து டிஎன்ஏ பார்ப்பாங்க. 1,063-ங்கிற அந்த அழகான எண், அத்தனையும் சாணி பொறுக்கி வந்தது.

சரி, எண்ணிக்கை எப்படி ஏறுச்சு? நிறைய பேருக்கு டயன் ஃபாஸியைத் தெரியும். 1967-ல கரிசோகேங்கிற ஆராய்ச்சி முகாமை ருவாண்டா மலையில ஆரம்பிச்சவர். கொரில்லாவோட குடும்பம், குணம் எல்லாத்தையும் உலகத்துக்குக் காட்டினவர். 1977 டிசம்பர் 31-ம் தேதி, அவருக்கு ரொம்பப் பிடிச்ச டிஜிட்டுங்கிற ஆண் கொரில்லாவை வேட்டைக்காரங்க கொன்னு, தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அவரோட வேலையில ஆராய்ச்சி குறைஞ்சு போர் கூடிடுச்சு. கண்ணிகளை அறுக்கிறது, வேட்டைக்காரங்களைத் துரத்துறது. 1985 டிசம்பர்ல அவரும் தன்னோட குடிசையில கொலை செய்யப்பட்டார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கீழ இருந்த ஊர் மக்களை அவர் பார்த்த விதத்தை என்னால முழுசா ஏத்துக்க முடியல.

அந்த ஊர் மக்களோட பக்கம் ஒண்ணு இருந்துச்சு. 1969-ல ருவாண்டா, கொரில்லாப் பூங்காவுல சுமார் 10,000 ஹெக்டேரை எடுத்துப் பைரெத்ரம் பயிரிடக் கொடுத்துச்சு. சாமந்தி மாதிரி இருக்கிற பூ அது. அதுல இருந்து பூச்சிமருந்து எடுப்பாங்க. கொசுவத்திச் சுருள்ல முதல்ல போட்டதும் அதுதான். பூங்காவுல கிட்டத்தட்ட நாப்பது சதவீதம் இப்படிப் போச்சு. ஐரோப்பியச் சந்தைக்காக, ஐரோப்பியப் பணத்துல! கண்ணி வெச்ச ஏழையைப் பத்தி நாம பேசுற அளவுக்கு இதைப் பேசுறதில்ல.

70-கள் முடிவுல இன்னொரு பகுதியை மாடு மேய்க்க எடுக்கலாம்னு திட்டம் வந்துச்சு. அப்ப பில் வெபர், ஏமி வெடர்னு ரெண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் வேற ஒரு யோசனை சொன்னாங்க. கொரில்லாவைப் பழக்கி, சின்னச் சின்னக் குழுவா டூரிஸ்ட்டைக் கூட்டிட்டுப் போவோம். மாட்டுல வர்ற காசை விட இதுல அதிகம் வரும்னு அரசாங்கத்துக்குக் காட்டுவோம். ஃபாஸிக்கு இது சுத்தமா பிடிக்கல. 1979-ல திட்டம் ஆரம்பிச்சுது. இன்னிக்கு ருவாண்டாவுல ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க பர்மிட் 1,500 டாலர். நம்ம காசுல ஒரு லட்சத்துக்கு மேல. பூங்கா வருமானத்துல 10 சதவீதம் சுத்தி இருக்கிற ஊர்களுக்குப் பள்ளிக்கூடம், தண்ணி, ஆஸ்பத்திரின்னு போகுது. புதுசா பிறந்த குட்டிகளுக்கு 2005-ல இருந்து 'க்விட்டா இசினா'ன்னு பேர் வைக்கிற விழாவே நடத்துறாங்க.

இங்க ஒரு ஆராய்ச்சி ரொம்ப முக்கியம். 2011-ல வெளியானது. விருங்காவுல நாலு பத்தாண்டுத் தகவலை வெச்சுப் பார்த்தாங்க. மனுஷங்களுக்குப் பழகின கொரில்லாக் குழுக்கள் வருஷத்துக்கு சுமார் 4 சதவீதம் வளர்ந்திருக்கு. பழகாத குழுக்கள் கொஞ்சங் கொஞ்சமா குறைஞ்சிருக்கு. அதே காடு, அதே சாப்பாடு. வித்தியாசம் என்னன்னா, பழகின குழுவை டிராக்கர் தினமும் போய்ப் பார்க்கிறார். யாருக்குக் கையில கண்ணி மாட்டிருக்கு, யார் சாப்பிடலன்னு அன்னிக்கே தெரிஞ்சுடும். உடனே டாக்டர் வருவார்.

காட்டு மிருகத்துக்கு வீடு தேடி வர்ற டாக்டர். 1986-ல ஆரம்பிச்ச வேலை. இன்னிக்கு 'கொரில்லா டாக்டர்ஸ்'ங்கிற அமைப்பு மூணு நாட்டுலயும் செய்யுது. கண்ணி வைக்கிறது கொரில்லாவுக்காக இல்ல, சின்ன மான், காட்டுப்பன்னிக்காக. ஆனா குட்டிக் கொரில்லா விளையாட்டுல கையை விட்டுடும். கம்பி சதையை அறுத்து, அழுகி, கையே போயிடும். டாக்டர் மயக்க ஊசியைத் துப்பாக்கியில வெச்சு அடிப்பார். பத்தடி தள்ளி டிராக்கருங்க நின்னு, 200 கிலோ அப்பனைச் சமாளிப்பாங்க. வாயால உறுமி, 'ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல'ன்னு கொரில்லா பாஷையிலயே சமாதானம் சொல்வாங்க. இந்த வேலைக்கு இன்டர்வியூ எப்படி நடக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை.

ஆக, மனுஷன் பக்கத்துல போனதாலதான் இது பிழைச்சுது. இப்ப அந்தத் தொண்டைக் கரகரப்புக்கு வர்றேன்.

கொரில்லாவோட மரபணுவும் நம்மளுதும் சுமார் 98 சதவீதம் ஒண்ணு. நமக்கு வர்ற சளி, இருமல் அதுக்கும் வரும். வித்தியாசம், நம்ம உடம்பு அந்தக் கிருமிகளைச் சின்ன வயசுல இருந்து பார்த்துப் பழகியிருக்கு. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. மலைக் கொரில்லாச் சாவுகள்ல அடிதடி, காயத்துக்கு அடுத்தபடியா மூச்சுக்குழல் நோய்தான். சுமார் ஐந்துல ஒண்ணு. 2009-ல ருவாண்டாவுல ஹிர்வான்னு ஒரு குடும்பம். மொத்தம் 12 பேர். அதுல 11 பேருக்கு இருமல், மூக்கொழுகல். ஒரு பெண் கொரில்லாவும், பிறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு குட்டியும் செத்துப் போச்சு. பரிசோதனையில மெட்டாநியூமோ வைரஸ்னு தெரிஞ்சுது. மனுஷங்ககிட்ட இருக்கிற வைரஸ். நமக்கு வந்தா ரெண்டு நாள் லீவு போட்டு ரசம் குடிப்போம், அவ்வளவுதான்.

ஒரு பெண் கொரில்லா முதல் குட்டி போடவே சுமார் பத்து வயசு ஆகும். அப்புறம் நாலு வருஷத்துக்கு ஒண்ணு. ஒரு வருஷம் கெட்ட சளி பரவினா, அந்த நஷ்டத்தை ஈடு கட்ட ஒரு தலைமுறை ஆகும்.

அதனாலதான் விதிகள். ஒரு குழுவை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், ஒரு மணி நேரம்தான். உடம்பு சரியில்லாதவங்க வரக்கூடாது. அப்புறம், ஏழு மீட்டர் தள்ளி நிக்கணும். ஏழு மீட்டர் எங்கிருந்து வந்துச்சு? தும்மினா, இருமினா துளிகள் போற தூரத்தை மனசுல வெச்சுப் போட்ட கணக்கு. ரெண்டு கார் முன்னும் பின்னுமா நிறுத்தினா வர்ற தூரத்துக்கும் குறைவு. கொரோனா வந்தப்புறம் உகாண்டாவுல அதைப் பத்து மீட்டர் ஆக்கினாங்க, மாஸ்க் கட்டாயம்னாங்க. பயம் வீண் இல்ல. 2021 ஜனவரியில அமெரிக்காவுல சான் டியேகோ பூங்காவுல இருந்த கொரில்லாக்களுக்கு நிஜமாவே கொரோனா வந்துச்சு.

இந்த ஏழு மீட்டரை யாராவது கடைப்பிடிச்சாங்களா? இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை பண்ணாங்க. இன்ஸ்டாகிராம்ல போய், 2013-ல இருந்து 2019 வரைக்கும் மலைக் கொரில்லாவோட மனுஷங்க எடுத்த 858 போட்டோவை எடுத்து, எவ்வளவு தூரத்துல நிக்கிறாங்கன்னு அளந்தாங்க. 86 சதவீதப் படங்கள்ல நாலு மீட்டருக்குள்ள. சிலதுல தொட்டுக்கிட்டே. நியாயமாச் சொல்லணும்னா எல்லாத் தப்பும் டூரிஸ்ட் மேல இல்ல. குட்டிக் கொரில்லாவுக்கு ஏழு மீட்டர் தெரியாது. அதுவே ஓடி வந்து உங்க ஷூவைத் தொட்டுப் பார்க்கும். என் ஃப்ரெண்டு போட்டோவுல அப்படித்தான் இருக்கு. ஆனா நாம பின்னாடி நகரணும். நகர்றதுக்குப் பதிலா கேமராவை ஆன் பண்றோம். அந்தப் படத்துக்கு லைக் விழுறதைப் பார்த்து, அடுத்து போறவன் கைடுகிட்ட 'இன்னும் கொஞ்சம் கிட்ட'ன்னு டிப்ஸை நீட்டுறான்.

ஆனா டூரிஸ்ட்டை மட்டும் கட்டுப்படுத்தினா போதாதுன்னு 1996-லயே ஒருத்தர் கண்டுபிடிச்சார். இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான்.

டாக்டர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா. உகாண்டாக்காரர். லண்டன்ல கால்நடை மருத்துவம் படிச்சுட்டு, 25 வயசுல, உகாண்டா தேசியப் பூங்காக்களோட முதல் கால்நடை டாக்டரா வேலைக்குச் சேர்றார். சேர்ந்த வருஷமே ப்விண்டியில இருந்து தகவல்: ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு முடி கொட்டுது, தோல் வெள்ளை வெள்ளையா செதில் உரியுது, சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. இவர் மனுஷங்களைப் பார்க்கிற ஒரு டாக்டர்கிட்ட, 'இங்க மக்களுக்கு வர்ற தோல் நோய்லயே சாதாரணமானது எது?'ன்னு கேட்டார். பதில், சொறிசிரங்கு. அதேதான். ஒரு குட்டி செத்துப் போச்சு. மத்ததுங்களுக்கு ஐவர்மெக்டின் மருந்து போட்டுக் காப்பாத்தினாங்க.

காட்டுக்குள்ள சிரங்கு எப்படிப் போச்சு? இங்கதான் கதை ஊருக்குள்ள வருது. ப்விண்டி கொரில்லாவுக்கு வாழைத்தண்டு ரொம்பப் பிடிக்கும். பழத்தை விட்டுடும், மரத்தைப் பிளந்து உள்ளே இருக்கிற தண்டைத் தின்னும். (நம்ம வீட்டுப் பசங்களுக்குப் பொரியல் பண்ணி வெச்சா தொடாது.) அதனால காட்டை விட்டு வெளியே தோட்டத்துக்கு வரும். வந்தா, மிருகத்தை விரட்ட விவசாயி பழைய சட்டையை மாட்டி ஒரு சோளக்கொல்லை பொம்மை நிறுத்தியிருப்பார். கொரில்லாவுக்கு அது பயமா இல்ல, வேடிக்கையா இருக்கு. தொட்டுப் பார்க்கும், மோந்து பார்க்கும். அந்தச் சட்டையில இருந்துதான் சிரங்குப் பூச்சி போயிருக்கும்னு கருதுறாங்க.

இப்ப நீங்க அந்த டாக்டர் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? வேலி போடுவோம், பொம்மை வைக்காதேன்னு போர்டு மாட்டுவோம். அவர் யோசிச்சது வேற. இந்த மனுஷனுக்குச் சிரங்கு ஏன் ஆறவே இல்ல? பக்கத்துல ஆஸ்பத்திரி இல்ல, தண்ணி இல்ல, மாத்துத் துணி இல்ல. ஊர்க்காரனுக்குச் சிரங்கு இருக்கிற வரைக்கும் கொரில்லாவுக்கும் சிரங்கு இருக்கும். 2003-ல அவர் ஒரு அமைப்பைத் தொடங்கினார். மக்களோட ஆரோக்கியமும் கொரில்லாவோட ஆரோக்கியமும் ஒரே வேலைங்கிறதுதான் அதோட அடிப்படை. ஒவ்வொரு ஊர்லயும் ஊர்க்காரங்களையே பயிற்சி கொடுத்து வெச்சாங்க. அவங்க வீடு வீடாப் போய் காசநோய், சிரங்கு, கைகழுவறது, குடும்பக் கட்டுப்பாடுன்னு பேசுவாங்க. அதே ஆளுங்க, 'உங்க தோட்டத்துக்குக் கொரில்லா வந்துச்சா?'ன்னும் கேட்டுக்குவாங்க. அப்புறம் விவசாயிங்ககிட்ட இருந்து நல்ல விலைக்குக் காபி வாங்கி விக்க ஒரு கம்பெனியும் ஆரம்பிச்சார். காபிக்கு ஒழுங்கா விலை கிடைச்சா கண்ணி வைக்கக் காட்டுக்குள்ள போறவங்க குறைவாங்கன்னு ஒரு நம்பிக்கை.

ஊருக்குள்ள வந்த கொரில்லாவைக் கல்லெறியாம, மெல்லக் காட்டுப் பக்கம் திருப்பி விட ஊர்லயே தன்னார்வலர்கள் குழு இருக்கு. ராத்திரி பகல் பார்க்காம தோட்டத்துல நிக்கிறவங்க. நம்ம ஃபீடுல இவங்க செல்ஃபி வர்றதில்ல.

டூரிஸ்ட் காசை மட்டும் நம்பினா என்ன ஆகும்ங்கிறதை 2020 காட்டிடுச்சு. மார்ச்ல எல்லாம் மூடினாங்க. டூரிஸ்ட் இல்ல, கைடுக்கு வேலை இல்ல, பெட்டி தூக்குறவருக்குக் கூலி இல்ல. ஜூன்ல ப்விண்டியில ரஃபிக்கி செத்துக் கிடந்துச்சு. என்குரிங்கோ குழுவோட தலைவன், சுமார் 25 வயசு, முதுகு வெள்ளி நிறமா நரைச்ச ஆண். 17 பேர் குடும்பம். ஈட்டிக் குத்து. பிடிபட்டவர், தான் சின்ன மிருகம் தேடிப் போனதாகவும், ரஃபிக்கி பாய்ஞ்சதால குத்தினதாகவும் சொன்னார். 11 வருஷம் சிறை. தலைவன் போனா வெளி ஆண் வந்து குழுவைப் பிடிக்கலாம், குட்டிகளைக் கொல்லலாம். ஒரு ஈட்டி பல உயிருக்கு மேல பாயும்.

அந்த ஆளை நான் நியாயப்படுத்த வரல. ஆனா இதைப் படிச்சப்போ எனக்குத் தோணின இன்னொரு கூட்டம், பட்வா மக்கள். இந்தக் காடுகள்ல தலைமுறை தலைமுறையா வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்தவங்க. 1991-ல ப்விண்டி தேசியப் பூங்கா ஆனப்போ அவங்களை வெளியேத்தினாங்க. கொரில்லாவைக் கொன்னு காட்டை அழிச்சது அவங்க இல்ல. ஆனா அவங்களுக்கு நிலமும் போச்சு, காடும் போச்சு. நிறைய பேர் அடுத்தவங்க வயல்ல கூலி. இன்னிக்கு டூரிஸ்ட்டுக்கு 'நாங்க காட்டுல இப்படித்தான் வாழ்ந்தோம்'னு நடிச்சுக் காட்டிப் பிழைக்கிறவங்க உண்டு. 1,063-னு கை தட்டுறப்போ இதையும் கூட வெச்சுக்கணும்.

இது பழைய கதையும் இல்ல. ருவாண்டா பக்கம் கொரில்லா கூடிடுச்சு, இடம் கூடல. குழுக்கள் ஒண்ணோட ஒண்ணு அடிக்கடி மோதுது, அதுல குட்டிங்க சாகுது. அதனால பூங்காவைச் சுமார் 23 சதவீதம் பெருசாக்கத் திட்டம் போட்டிருக்காங்க. 1969-ல பைரெத்ரத்துக்குப் போன மாதிரி நிலத்தைத் திரும்ப வாங்குற வேலை. கொரில்லாவுக்கு அது தேவைதான். ஆனா அந்த நிலத்துல இப்ப ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கு. புது வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டித் தர்றதாச் சொல்றாங்க. பட்வா மக்களுக்கு நடந்தது மறுபடி நடக்காம இருக்குமாங்கிறதை அந்தக் குடும்பங்களைக் கேட்டுத்தான் சொல்லணும், பூங்காவோட வெப்சைட்டைப் பார்த்து இல்ல.

காங்கோ பக்கம் நிலைமை வேற. அங்க எம்23 கிளர்ச்சிப் படை 2022-ல இருந்து கொரில்லாப் பகுதியையே கையில வெச்சிருக்கு. கரிக்கு மாத்தா, பூங்கா ஆத்துல நீர்மின் நிலையம் கட்டி ஊருக்குக் கரண்ட் கொடுக்கிற வேலை போரைத் தாண்டியும் நடக்குது. மட்டேபேங்கிற இடத்துல 2015-ல ஒண்ணு வந்துடுச்சு. கரண்ட் அடுப்பு வந்தா கரி தேவையில்ல. கேக்க எளிமையா இருக்கு. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவுல கம்பி இழுக்கணும்.

நிறைய பேர் கேப்பீங்க: அப்ப கொரில்லா பார்க்கப் போகலாமா, கூடாதா? என் அபிப்பிராயம், போகலாம். உங்க காசு போகலைன்னா டிராக்கருக்குச் சம்பளம் இல்ல. ஆனா மூக்கொழுகினா ரூம்லயே இருங்க. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்காதீங்க. கைடு பின்னாடி போன்னா போங்க. கூட வந்தவன் இருமினா கைடுகிட்டச் சொல்லுங்க, அவன் முறைச்சாலும் பரவாயில்ல.

என்டகாசி 2021 செப்டம்பர் 26-ம் தேதி செத்துப் போச்சு. 14 வயசு. ரொம்ப நாள் நோய்ல இருந்து, ஆன்ட்ரே பௌமாவோட மடியிலேயே உயிர் போச்சு. அந்தக் கடைசிப் போட்டோவும் வைரல் ஆச்சு. அதுல ஏழு மீட்டர் இல்ல, ஒரு அங்குலம் கூட இல்ல. அனாதையா வந்து மனுஷங்ககிட்டயே வளர்ந்ததுக்கு அந்த விதி இல்ல. காட்டுல இருக்கிறதுங்களுக்குத்தான்.

ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி இந்த ஸ்கிரிப்டை என் ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். அவ போன் பண்ணா. அன்னிக்குக் காலையில அவளுக்கு மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணாம்: 1,500 டாலர். ரெண்டு வருஷச் சேமிப்பு, வந்தது ஒரே ஒரு நாள். 'ஹிர்வா குடும்பத்தைப் பத்தி அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா ரூம்லயே படுத்திருப்பேன்'னா. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, 'இருந்திருப்பேனான்னு தெரியலடா'ன்னா. எனக்கும் என்னைப் பத்தித் தெரியல. அவ பேரைச் சொல்லக்கூடாது, கதையைச் சொல்லலாம்னு அனுமதி கொடுத்தா. அதுக்கு நன்றி.